தானம் கொடுத்த தண்ணீரும் காலி பாட்டிலும்

(நம் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிஷம். தலைப்பைக் கேட்டதும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேதம், சங்கீதம், ஓய்வூதியம் என்று எத்தனையோ விஷயம் இருக்க, காலி பாட்டிலைப் பற்றி ஒரு பேச்சா என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் இந்த விஷயம் நம் செயற்குழுவின் முன் உண்மையாகவே வந்து நிற்கிறது. அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

ஸ்ரீராம நவமிக்கு நாம் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறோம். வெயில் ஏறிய பிறகு தண்ணீர்ப் பந்தலும் வைக்கிறோம். பல ஊர்க் கிளைகளிலும் இது வழக்கம். இந்த முறை நம் அங்கத்தினர் ஒருவர் பெரிய மனதோடு, "ஆயிரம் பாட்டில் தண்ணீர் நான் தருகிறேன். சீல் வைத்த பாட்டில், சுத்தமாக இருக்கும், வேலையும் மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல மனசு. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குழுவில் ஒரு மாமி கேட்டார்: "ஆயிரம் பேர் குடித்து முடித்த பிறகு அந்த ஆயிரம் பாட்டிலை யார் எடுப்பது?" யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் என் பேச்சு.

முதலில் நம் வழக்கத்தைப் பார்ப்போம். வைசாக மாதத்தில் உதககும்ப தானம் என்று ஒன்று உண்டு. ஜலம் நிரப்பிய குடத்தைக் குடத்தோடு தானம் செய்வது. வாங்கிக்கொண்டவருக்குத் தண்ணீர் ஒரு நாளில் தீர்ந்துவிடும். குடம் பல வருஷம் இருக்கும். அதாவது பாத்திரமும் தானத்தில் ஒரு பங்கு. சொல்லப்போனால் பெரிய பங்கு. இன்று நாம் பாட்டிலில் தண்ணீர் தரும்போதும் பாத்திரத்தோடுதான் தருகிறோம். ஆனால் அந்தப் பாத்திரம் வாங்கியவருக்குப் பாரம். தண்ணீர் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துவிடுகிறது. பாட்டில் அவர் கையில் மிஞ்சுகிறது. எங்கே போடுவது என்று பார்க்கிறார், தொட்டி இல்லை, மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார். அவரைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. மதிப்பில்லாத ஒரு பொருளை அவர் கையில் கொடுத்தவர்கள் நாம்தான்.

இந்த இடத்தில்தான் டெபாசிட் என்ற ஏற்பாடு வருகிறது. காலிப் பாத்திரத்துக்கு ஒரு விலை வைத்து, திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்படி செய்வது. இது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். டெல்லியிலும் பம்பாயிலும் பால் கண்ணாடி பாட்டிலில் வந்த காலத்தை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். காலி பாட்டிலைக் கழுவிக் கொண்டுபோனால்தான் நிறைந்த பாட்டில் கிடைக்கும். கல்யாணத்துக்கு கூல்டிரிங்க் கிரேட் எடுத்தால் பாட்டிலுக்கு டெபாசிட். ஒரு பாட்டில் உடைந்தால் பெண் வீட்டு மாமா கணக்கு எழுதிக்கொள்வார். இன்றும் வீட்டுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுபவர் முதல் கேனுக்கு டெபாசிட் வாங்குகிறார். கேஸ் சிலிண்டருக்கும் அப்படியே. தெருவோரத்தில் அனாதையாகக் கிடக்கும் கேஸ் சிலிண்டரை உங்களில் யாராவது பார்த்ததுண்டா? கிடக்காது. அதற்கு விலை இருக்கிறது.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள், கலிபோர்னியாவில் கடை பில்லின் கீழே 'சி.ஆர்.வி.' என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் 5 சென்ட், 24 அவுன்ஸ் அல்லது அதற்கு மேற்பட்டதற்கு 10 சென்ட். அங்கே இந்தச் சட்டம் 1986-ல் நிறைவேறி 1987-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே 1971-ல் ஆரிகன் மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1970 முதலே உண்டு. அங்கே பில்லில் இரண்டு தனி வரிகளைப் பார்க்கலாம். ஒன்று டெபாசிட், பாட்டிலைத் திருப்பினால் முழுவதும் கிடைக்கும். இன்னொன்று மறுசுழற்சிக் கட்டணம். அது திரும்பி வராது, பாட்டிலைச் சேகரித்து அரைத்து மறுபடி பயன்படுத்தும் செலவுக்குப் போகிறது. டெபாசிட் வேறு, கட்டணம் வேறு. தானம் செய்கிறவர் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் என்றால், பானத்தைக் காசு கொடுத்து வாங்கித் தானம் செய்யும்போது இரண்டையும் கட்டுபவர் தானம் கொடுப்பவர். ஆனால் டெபாசிட்டைத் திரும்பப் பெறும் உரிமை காலி பாட்டில் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு. அதாவது பாட்டிலோடு ஒரு சிறு காசும் தானமாகப் போய்விடுகிறது, கொடுத்தவருக்கே தெரியாமல். அதைத் தெரிந்தே செய்தால் அது இரண்டாவது தானம். ஜெர்மனியில் அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் அங்கே 2003-ல் டெபாசிட் கட்டாயமானது; இன்று ஒன்றுக்கு 25 சென்ட். கடையில் இருக்கும் இயந்திரத்தில் காலி பாட்டிலைப் போட்டால் சீட்டு வரும். 2008 முதல் லிடில் என்ற கடைத்தொடரின் இயந்திரங்களில் இன்னொரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்தப் பணம் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் 'டாஃபெல்' அமைப்புக்குப் போய்விடும். 2011-லிருந்து இன்னொரு வழக்கத்தையும் அங்கே பிரசாரம் செய்கிறார்கள். காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாதீர்கள், பக்கத்தில் வையுங்கள், அதை நம்பிப் பிழைக்கும் ஒருவர் தொட்டிக்குள் கைவிடாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அந்தப் பிரசாரம். மனிதரின் மானத்தை நினைத்துச் செய்த காரியம் இது.

நம் நாட்டுக்கு வருவோம். கேதார்நாத் யாத்திரை போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2022 மே மாதம் ருத்ரபிரயாக் மாவட்ட நிர்வாகம், ஹைதராபாத்தைச் சேர்ந்த ரீசைக்கல் நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஒரு க்யூ.ஆர். கோடு ஸ்டிக்கர். வாங்கும்போது கூடுதலாக ரூ.10 கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைச் சேகரிப்பு மையத்தில் கொடுத்தால், கோடைச் சரிபார்த்து ரூ.10 திரும்பத் தருவார்கள். நீங்களே கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யார் கொண்டுவந்தாலும் பணம் அவருக்கு. ஆக, யாத்ரீகர் ஒருவர் அலட்சியமாக விட்டுப்போன பாட்டில் கோவேறு கழுதை ஓட்டும் பையனுக்கு ரூ.10. மந்தாகினியில் மிதக்க வேண்டியது அவன் பைக்குப் போகிறது.

அடுத்த உதாரணத்தை நம் சபையில் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நீலகிரியில் உடைந்த மது பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதன் பேரில் 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு ரூ.10 கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தரத் தொடங்கின. பாட்டில்கள் திரும்பி வந்தன. திட்டம் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்துவிட்டுப் பாட்டிலை யானைப் பாதையில் வீசியவரையே ரூ.10 நிதானத்துக்குக் கொண்டுவந்தது என்றால், நம் பந்தலுக்கு வருகிறவர்களுக்கு அது உதவாதா?

எல்லா இடத்திலும் இது வெற்றி பெற்றது என்று சொல்ல மாட்டேன். 2018-ல் மகாராஷ்டிர அரசு, பெட் பாட்டிலில் திரும்பப் பெறும் விலையை அச்சிட வேண்டும் என்று அறிவித்தது. மும்பை, புனே அங்கத்தினர்களைக் கேட்டால், அது நடைமுறையில் வேர் பிடிக்கவில்லை என்பார்கள். கோவா 2024-ல் டெபாசிட் திட்டத்தை அறிவிக்கை செய்தது. சட்டம் மட்டும் போதாது. திருப்பிக் கொடுக்கும் இடம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் டெபாசிட் வெறும் விலை உயர்வுதான்.

நம் நாட்டில் பெட் பாட்டில்கள் பெருமளவு மறுசுழற்சிக்குப் போவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் நீங்களோ நானோ இல்லை. முதுகில் சாக்குப்பையோடு விடியற்காலையில் குனிந்து பொறுக்குகிறவர்கள்தான் காரணம். அவர்கள் கணக்கைப் பாருங்கள். அரை லிட்டர் காலி பாட்டில் சுமார் 15 முதல் 20 கிராம். ஒரு கிலோ சேர 50 பாட்டிலுக்கு மேல் பொறுக்க வேண்டும். கபாடிவாலா கொடுக்கும் விலையில் ஒரு பாட்டிலுக்கு ஒரு ரூபாய் தேறுவதே கஷ்டம். ரூ.10 டெபாசிட் என்பது நமக்குச் சில்லறை. அவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை நோக்கி ஓர் அடி.

இனி நம் பந்தலுக்கு வருவோம். ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 250 மில்லி என்றால் மொத்தம் 250 லிட்டர். 20 லிட்டர் கேன் பதின்மூன்று போதும். அந்தப் பதின்மூன்று கேனும் மாலையில் கடைக்கே திரும்பிப் போய்விடும், டெபாசிட் இருக்கிறது. அதே தண்ணீரைச் சின்ன பாட்டிலில் கொடுத்தால் ஆயிரம் பாட்டில், ஆயிரம் மூடி, ஆயிரம் லேபிள். பிளாஸ்டிக் டம்ளருக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தடைப் பட்டியலில் உண்டு. மிச்சம் இருப்பது ஸ்டீல் டம்ளர்.

ஸ்டீல் டம்ளர் என்றதும் "எச்சில்" என்ற பேச்சு வரும். தூக்கிக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, எல்லோரிடமும் இருக்காது. அதனால் மூன்று பங்கு டம்ளர் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு கையில், ஒரு பங்கு கழுவலில், ஒரு பங்கு வெந்நீரில். டெல்லி அங்கத்தினர்கள் குரு அர்ஜன் தேவரின் நினைவாக ஜூன் வாக்கில் சீக்கியர்கள் வைக்கும் சபீல் பந்தல்களைப் பார்த்திருப்பார்கள். கொளுத்தும் வெயிலில் பஸ்ஸை நிறுத்தி ரோஜா மணக்கும் குளிர்ந்த பால் நீரைக் கொடுப்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து ஊரார் குடித்த டம்ளரைக் கழுவும் காட்சியை அங்கே பார்க்கலாம். அவர்கள் அதைச் சேவை என்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் அந்த வேலையைக் கொடுத்தால் நூறு உபந்யாசத்துக்குச் சமம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய தண்ணீர்ப் பந்தலை முழுக்கப் புகழ நான் வரவில்லை. ஒரே பந்தலில் சிலருக்குச் செம்பில் கொடுத்து, சிலருக்குத் தள்ளி நின்று கையில் ஊற்றிய காலம் இருந்தது. தூக்கி எறியும் கப் வந்து அந்த வேற்றுமையைச் சத்தமில்லாமல் அழித்தது. அதற்கு நாம் அந்தக் கப்புக்கு நன்றி சொல்லலாம். ஆகையால் டம்ளருக்குத் திரும்புவதென்றால் எல்லோருக்கும் ஒரே டம்ளர், ஒரே வரிசை, ஒரே கழுவல் என்றுதான் திரும்ப வேண்டும். திங்களூர் அப்பூதி அடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தணர் அவர். தாம் நேரில் பார்த்தேயிராத, வேளாளர் குலத்தில் பிறந்த திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பிள்ளைகளுக்கும் வீட்டுப் பசுக்களுக்கும் அளவைகளுக்கும்கூட அந்தப் பெயர். பந்தலில் தம் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. இன்று பாட்டில் லேபிளில் உபயதாரர் பெயர் அச்சாகி, சாயங்காலம் அது சாக்கடையில் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு அப்பூதி அடிகள்தான் நினைவுக்கு வருகிறார்.

பாட்டிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2018-ல் கேரள வெள்ளத்திலும் கிணறும் குழாயும் கெட்டுப்போன இடத்தில் சீல் வைத்த பாட்டில்தான் உதவியது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும், ரயிலில் போகும் வயதானவருக்கும் பாட்டில் வேண்டும். அங்கே கொடுக்கும்போது திரும்ப வாங்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக் கொடுப்போம் என்பதுதான் என் வேண்டுகோள்.

நம் சபையில் ஆடிட்டர்கள் அதிகம். ஆகவே கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வருமான வரிச் சட்டத்தில் தர்ம ஸ்தாபனங்களுக்கான நன்கொடைச் சலுகை பணமாகக் கொடுத்தால்தான். பொருளாகக் கொடுத்த பாட்டிலுக்குக் கிடையாது. ரொக்கமாக என்றால் ரூ.2,000-க்கு மேல் போனாலும் கிடையாது. செக்காகவோ வங்கி மூலமாகவோ கொடுக்க வேண்டும். பானம் தயாரிக்கும் கம்பெனி தன் சரக்கை இலவசமாகக் கொடுத்தால், அதற்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவை அது திரும்பக் கட்ட வேண்டும். ஆகையால் உபயதாரர் சங்கத்துக்குச் செக் கொடுத்து, சங்கம் வாங்குவதே இரு தரப்புக்கும் நல்லது. திருப்பி வரும் டெபாசிட் செலவு இல்லை; அது வர வேண்டிய பாக்கி. திரும்பி வராத பங்கைத் தனி வரியாகத் 'துப்புரவுத் தொழிலாளர் நலன்' என்று காட்டினால் அடுத்த பொதுக்குழுவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கடைசியாக என் யோசனை மூன்று. ஒன்று, பந்தலில் குடமும் கேனும் ஸ்டீல் டம்ளரும். அந்த அங்கத்தினர் ஆயிரம் பாட்டிலுக்கு ஒதுக்கிய பணத்தில் முன்னூறு டம்ளர் வாங்கிவிடலாம் என்று பாத்திரக்கடையில் விசாரித்ததில் தெரிகிறது. அது வருஷா வருஷம் நிற்கும். அந்தத் தானத்துக்கு ஆயுள் அதிகம். இரண்டு, கேதார்நாத் போல டெபாசிட் இருக்கும் ஊரில் பாட்டில் கொடுத்தால், "இதற்குள் ரூ.10 இருக்கிறது, திருப்பினால் உங்களுக்கு" என்று வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அது அவருக்குத் தெரியாது. மூன்று, டெபாசிட் இல்லாத ஊரில் பாட்டில் தவிர்க்க முடியாவிட்டால், நாமே அந்த விலையை வைப்போம். காலி பாட்டிலைப் பந்தலுக்குக் கொண்டுவரும் யாருக்கும் ரூ.2. ஆயிரம் பாட்டிலுக்கு ரூ.2,000-க்கு மேல் போகாது. சேர்ந்த பாட்டிலை மொத்தமாக அந்தத் தெருவில் பொறுக்குகிறவருக்கே கொடுத்துவிடுவோம். அவர் குனிய வேண்டிய ஆயிரம் தடவை மிச்சம்.

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது பாதி தர்மம். காலிப் பாத்திரம் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவது மறுபாதி. மாமி கேட்ட கேள்விக்குச் செயற்குழு அடுத்த வாரம் பதில் சொல்லப்போகிறது. மற்ற நகரங்களின் கிளைகளும் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிட ஆசிரியர் சம்மதித்திருக்கிறார்.